இறைவார்த்தையின் அருகில் நின்றவர்

நம் கம்பம் பள்ளத்தாக்கு பல மொழிகள் கூடி வாழும் நிலம். வீட்டுக்குள் கன்னடமோ தெலுங்கோ பேசி, வாசலுக்கு வெளியே தமிழ் பேசும் குடும்பங்கள் கம்பத்திலும் போடியிலும் ஏராளம். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகளில் மலையேறும் நம் மக்கள், பகலெல்லாம் மலையாளம் கேட்டு மாலையில் தமிழுக்குத் திரும்புகின்றனர். உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் வாழும் இஸ்லாமிய அன்பர்கள், திருக்குர்ஆனின் தமிழாக்கத்தைத் ‘தர்ஜமா’ என்று மரியாதையோடு குறிப்பிடுவதைக் கேட்டிருக்கின்றோம். ஒரு மொழியில் கேட்டதை மற்றொரு மொழியில் மனத்துக்குள் கொண்டுசெல்வது இம்மண்ணில் அறிஞர்களின் தொழில் அன்று, அன்றாட வாழ்க்கை.

அந்தத் ‘தர்ஜமா’ என்னும் சொல்லுக்கு உறவான சொல் ஒன்று விவிலிய உலகில் உண்டு. அதுவே ‘தர்கும்’. மொழிபெயர்ப்பு என்பது அதன் பொருள். எபிரேயத் திருநூலை யூத மக்கள் தங்கள் பேச்சுமொழியாகிய அரமேயத்தில் பெயர்த்துச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவை பின்னர் எழுத்தில் வந்தபோது தர்கும் என்றே பெயர் பெற்றன. சில ஆண்டுகளாக நாம் இந்நூல்களை வாசித்து வருகின்றோம். அறிஞர்களின் ஆங்கிலப் பெயர்ப்பே நமக்கு ஊன்றுகோல். இருபத்திரண்டு எழுத்துகளைப் பழகிக்கொண்டதால், மூலத்தின் ஒரு சொல்லைத் தேடிப்பிடித்து நிற்கவும் முடிகிறது. பகல் வேலை முடிந்தபின் இரவில் ஒரு மணி நேரம் செய்யும் பயிற்சி இது.

“தமிழில் விவிலியம் இருக்கும்போது அரமேயம் எதற்கு?” என்று நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. இக்கட்டுரை அதற்கு நாம் சொல்லும் விடை.

மதில்மேல் இருந்த மக்கள்

அரசர்கள் இரண்டாம் நூல் 18ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. கி.மு. 701 அளவில் அசீரியப் படை எருசலேமை நெருக்குகிறது. அசீரியத் தூதன் மதிலருகே நின்று மிரட்டுகிறான். எசேக்கியா அரசரின் அலுவலர்கள் அவனிடம், அரமேய மொழியில் பேசுமாறு கெஞ்சுகின்றனர். காரணம், மதில்மேல் இருக்கும் எளிய மக்களுக்கு அரமேயம் புரியாது. அலுவலர்களுக்கு மட்டுமே புரியும். அவனோ வேண்டுமென்றே மக்களின் மொழியிலேயே உரக்கக் கத்துகிறான்.

கி.மு. 587இல் எருசலேம் வீழ்ந்தது. மக்கள் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டனர். பின்வந்த பாரசீகப் பேரரசு அரமேயத்தையே தன் அலுவல் மொழியாக வைத்துக்கொண்டது. தலைமுறைகள் கடந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. எபிரேயம் முற்றிலும் மறைந்துவிடவில்லை; ஆயினும் சந்தையிலும் அடுக்களையிலும் அரமேயம் குடியேறிவிட்டது. மதில்மேல் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, ஒருகாலத்தில் அந்நியமாக இருந்த மொழியே தாய்மொழியாகவும், திருநூலின் மொழி கற்றறிய வேண்டியதாகவும் மாறியது.

நெகேமியா நூல் 8ஆம் அதிகாரம் இச்சூழலில்தான் பொருள் பெறுகிறது. தண்ணீர் வாயில் முன்னுள்ள வெளியில் எஸ்ரா விடியற்காலை தொடங்கி நண்பகல் வரை திருச்சட்டத்தை வாசிக்கிறார். லேவியர் மக்களுக்கு அதை விளக்குகின்றனர். மக்கள் அழுகின்றனர். தர்கும் மரபின் தொடக்கத்தை யூத மறைநூல் வல்லுநர்கள் இந்நிகழ்ச்சியில் கண்டனர். புரிந்துகொண்டவனே அழ முடியும்; மொழிபெயர்ப்பின் முதற்பயன் அக்கண்ணீரே எனலாம்.

பின்னாளில் தொழுகைக்கூடங்களில் இது ஒழுங்கான பணியாயிற்று. ஒருவர் எபிரேயச் சுருளிலிருந்து வாசிப்பார். மற்றொருவர் அருகில் நின்று அரமேயத்தில் சொல்வார். நம் ஊர்ப் பழைய வழக்கில் சொன்னால் அவர் ஒரு துபாசி. அவருக்கென மிஷ்னாவும் தால்முதும் வகுத்த விதிகள் நம்மை வியக்க வைக்கின்றன. திருச்சட்டமாயின் ஒவ்வொரு வசனமாகவும், இறைவாக்கினர் நூலாயின் மூன்று வசனங்கள் வரையிலும் வாசித்து நிறுத்த வேண்டும். வாசிப்பவர் மொழிபெயர்ப்பவருக்கு அடியெடுத்துக் கொடுக்கலாகாது. கொடுத்தால் மொழிபெயர்ப்பும் சுருளில் எழுதப்பட்டுள்ளது என்று மக்கள் எண்ணிவிடுவர். மொழிபெயர்ப்பவர் ஏட்டைப் பார்த்துச் சொல்லலாகாது. வாசிப்பவரின் குரலைவிட அவர் குரல் ஓங்கலாகாது. தூணில் சாய்ந்துகொண்டு மொழிபெயர்த்த ஒருவரை ஓர் ஆசிரியர் கண்டித்த செய்தி எருசலேம் தால்முதில் உள்ளது. அச்சத்தோடு அருளப்பட்ட வார்த்தையை அச்சத்தோடே வழங்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

ஆக, மொழிபெயர்ப்பவரின் இடம் இறைவார்த்தையின் அருகில்; அதன் மேலே அன்று. தர்கும் வாசிப்பவர் முதலில் கற்கும் பாடம் இந்தப் பணிவே.

சொல்லப்படாத சொற்கள்

நம் பகுதியில் பல வீடுகளில் இரண்டு விவிலியங்கள் இருக்கும். திருமண உறவால் வந்து சேர்ந்த பிற சபையினரின் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று. 1995இல் திண்டிவனத்திலிருந்து வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு மற்றொன்று. அன்பியக் கூட்டம் ஒன்றில் காயின், ஆபேல் வரலாற்றை வாசித்தபோது, தொடக்க நூல் 4:8இல் இவ்விரண்டும் வேறுபடுவதை ஒரு பெண்மணி கண்டு சொன்னார். பழைய பெயர்ப்பில் காயின் தம்பியோடு பேசினான் என்று மட்டுமே உள்ளது. என்ன பேசினான் என்பது இல்லை. புதிய பெயர்ப்பிலோ, வயல்வெளிக்குப் போவோம் என்று அவன் அழைத்ததாக உள்ளது. எது சரி என்பது அவருடைய வினா.

இங்கேதான் பழைய மொழிபெயர்ப்புகள் கைகொடுக்கின்றன. இன்று நமக்குள்ள மரபு எபிரேயப் பாடத்தில் காயின் தன் தம்பி ஆபேலிடம் சொன்னான் என்று வருகிறது. சொன்னது என்ன என்பது வரவில்லை. வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறது. சில எபிரேயப் படிகளில் அவ்விடத்தில் ஒரு வெற்றிடமே விடப்பட்டுள்ளது. கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பும், சமாரியரின் ஐந்நூலும், இலத்தீன் வுல்காத்தாவும் அழைப்பின் சொற்களைத் தருகின்றன. சிரிய அரமேயப் பெயர்ப்பாகிய பெஷித்தாவும் தருகிறது. அதில் வரும் சொல்லுக்குச் சமவெளி என்றும் பள்ளத்தாக்கு என்றும் பொருள் கொள்ளலாம். அதிகாரம் பெற்ற தர்கும் ஆகிய ஒன்கெலோசோ எபிரேயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவில் நின்றுவிடுகிறது. நம் வீட்டின் இரு தமிழ் விவிலியங்களுக்கிடையே உள்ள வேறுபாடு, ஈராயிரம் ஆண்டுகளாக நடந்துவரும் ஓர் உரையாடலின் தொடர்ச்சி!

பாலஸ்தீனத் தர்கும்கள் மேலும் ஓர் அடி செல்கின்றன. வத்திக்கான் நூலகத்தின் நெயோபித்தி ஏட்டில், வயலுக்குச் சென்ற சகோதரர் இருவரும் வாதிடுகின்றனர். இவ்வுலகம் இரக்கத்தால் படைக்கப்படவில்லை, தீர்ப்பில் ஓரவஞ்சனை இருக்கிறது, இல்லையேல் உன் காணிக்கை ஏற்கப்பட்டு என்னுடையது தள்ளப்படுவானேன் என்கிறான் காயின். உலகம் இரக்கத்தால் படைக்கப்பட்டதே என்கிறான் ஆபேல். தீர்ப்பும் இல்லை, நீதிபதியும் இல்லை, மறுவுலகும் இல்லை என்று காயின் முடிக்கிறான். இந்த வாக்குவாதத்தின் முடிவிலேயே கொலை நிகழ்கிறது.

இச்சொற்கள் மூலத்தில் இல்லை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வெற்றிடத்தின் முன் அக்காலத்து மக்கள் எத்தனை ஆழமாக நின்றார்கள் என்பதை இவை காட்டுகின்றன. பொறாமை என்ற ஒரு சொல்லோடு நாம் கடந்துபோகும் கதையில், நீதி எங்கே என்று புலம்பும் ஒரு மனிதனை அவர்கள் கண்டனர்.

அன்றைய கூட்டத்தில், கிணற்றுப் பங்கில் தகராறு ஏற்பட்டு ஏழாண்டுகளாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இருவர் எதிரெதிர் மூலைகளில் அமர்ந்திருந்தனர். “அண்ணன் சொன்னது என்னவென்று பைபிளிலேயே இல்லையா?” என்று இளையவர் கேட்டார். இல்லை என்றோம். “பேச்சு நின்றுபோன இடம்தான் அது” என்று வயதான ஒருவர் சொன்னார். அதன்பின் வெகுநேரம் எவரும் பேசவில்லை. அவ்விருவரும் அன்று சமாதானமாகிவிட்டார்கள் என்று எழுத நமக்கு உரிமை இல்லை, அப்படி நடக்கவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பில் எழுந்த ஐயம் ஒன்று, எந்த மறையுரையும் தொடாத இடத்தைத் தொட்டதை அன்று கண்டோம்.

அடுத்த வசனங்களிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆபேலின் இரத்தம் கூக்குரலிடுவதைக் கூறும் இடத்தில் எபிரேயம் ‘இரத்தம்’ என்பதைப் பன்மையில் சொல்கிறது. தமிழில் அப்பன்மையைக் காட்ட இயலாது. ஒன்கெலோஸ் அதை விட்டுவிடவில்லை: ஆபேலிடமிருந்து பிறந்திருக்க வேண்டிய வழித்தோன்றல்களின் இரத்தம் அது என்று விரிக்கிறது. ஒருவனைக் கொல்பவன் அவனோடு ஒரு தலைமுறை வரிசையையே கொல்கிறான். ஓர் இலக்கணப் பன்மையிலிருந்து இத்தனை பொருளைக் கேட்கும் செவி நமக்கும் வேண்டுமன்றோ?

உடன்பிறந்த மொழி

அரமேயம் எபிரேயத்துக்கு அந்நிய மொழி அன்று, உடன்பிறந்த மொழி. தமிழில் பால், பல், புலி என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி என்றாவதைக் கம்பத்துச் சிறுவனும் அறிவான். பகரம் ஹகரமாகும் அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால், அறியாத சொல்லையும் ஊகிக்கலாம். அதுபோன்றே எபிரேயத்தில் பொன்னைக் குறிக்கும் ஸாஹாவ் அரமேயத்தில் தஹ்பா ஆகிறது. ஆணைக் குறிக்கும் ஸாகார், தெகார் ஆகிறது. அரசன் மெலெக், மல்கா. அமைதி ஷாலோம், ஷ்லாமா. எபிரேயத்தில் அருகிவரும் ஒரு சொல்லின் பொருளைத் தேடும் அறிஞர்கள் இந்த உடன்பிறந்த மொழியின் வாசலில் சென்று கேட்பது இதனால்தான்.

விவிலியத்துக்குள்ளேயே அரமேயம் குடியிருக்கிறது. தானியேல், எஸ்ரா நூல்களின் பெரும்பகுதிகளும், எரேமியா 10:11 என்னும் ஒரு தனி வசனமும் அரமேயத்தில் உள்ளன. இவை அனைத்தினும் நம்மைக் கவர்வது தொடக்க நூல் 31ஆம் அதிகாரம். லாபானும் யாக்கோபும் மலைநாட்டில் ஒரு கற்குவியலை எல்லையாக எழுப்புகின்றனர். லாபான் அதற்கு அரமேயத்தில் ஒரு பெயரும், யாக்கோபு எபிரேயத்தில் ஒரு பெயரும் இடுகின்றனர். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: சான்றின் குவியல். மாமனும் மருமகனும், ஒரே கல், இரண்டு மொழி. எல்லைச் சாவடியின் இருபுறமும் இரு மொழிகளில் பலகை நிற்கும் குமுளியைக் கண்ட நமக்கு இக்காட்சி எளிதில் விளங்கும்.

நற்செய்தியில் ஆண்டவரின் நாவில் பிறந்தபடியே காக்கப்பட்ட தலித்தா கூம், எப்பத்தா, அப்பா என்னும் சொற்கள் அரமேயமே. இவற்றுள் கடைசிச் சொல் நமக்கு எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படாதபடி தமிழோடு ஒலியில் ஒன்றுகிறது. எனினும் அது தற்செயலான ஒற்றுமை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். சிலுவையில் அவர் எழுப்பிய ஓலத்தைக் கவனிப்போம். அது 22ஆம் திருப்பாடலின் தொடக்கம். எபிரேயப் பாடலில் ‘கைவிட்டீர்’ என்பதற்கு அஸவ்தானி என்னும் சொல் உள்ளது. மாற்கு தருவதோ சபக்தானி. இது அரமேயச் சொல். திருப்பாடல்களின் தர்கும் இதே வினையைக் கையாள்கிறது. நற்செய்தியாளர் காட்டும் ஆண்டவர், தம் கடைசி வேதனையில் திருநூலைத் தம் தாய்மொழியில் செபிக்கிறார். தாய்மொழியில் செபிப்பது படிக்காதவருக்கு அளிக்கப்படும் சலுகை என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்கட்டும்.

மலைக்கு அப்பால்

அரமேயம் பாலஸ்தீனத்தோடு முடிந்துவிடவில்லை. எதேசா நகர வட்டாரத்தில் வழங்கிய அதன் கிளைமொழியே சிரியம். ஏறத்தாழக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்து நேரே பெயர்த்த பெஷித்தா அம்மொழியில் உள்ளது. அதைத் தன் திருநூலாகக் கொண்ட திருச்சபை, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் பல நூற்றாண்டுகளாக வாழ்கிறது. ஏலத்தோட்டங்களுக்குச் சென்று ஞாயிறன்று அங்குத் தங்க நேரும் நம் மக்கள், குர்பானா, மாமோதீசா, மிசிகா, ரூகா, மாலாகா என்ற சொற்களைக் கேட்டிருப்பர். இவை மலையாளத்தில் வாழும் அரமேயச் சொற்கள். சீரோ-மலபார் திருவழிபாடு 1962 வரை சிரிய மொழியிலேயே நடைபெற்றது. பின்னரே மலையாளத்துக்கு மாறியது. அம்மொழிப் பாடல்கள் சில இன்றும் அங்கே ஒலிக்கின்றன.

இந்த உறவு நம் மதுரைத் திருச்சபையின் வரலாற்றிலும் உண்டு. தத்துவ போதகர் என்று நாம் போற்றும் இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். அப்போது மதுரைப் பணித்தளத்தின்மீது ஆட்சியுரிமை பெற்றிருந்தவர் மலபாரில் இருந்த ஆயர் பிரான்சிஸ் ரோஸ். அவர் சிரிய மொழியைக் கற்பித்த இயேசு சபைத் துறவி. நொபிலியின் முயற்சிகளை ஆதரித்தவர். தமிழில் நற்செய்தியை எப்படிச் சொல்வது என்று நொபிலி போராடியபோது, அவருக்குத் துணைநின்ற ஆயர் அரமேயக் கிளைமொழியில் திருநூல் வாசித்தவர் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

1806இல் கிளாடியஸ் புக்கானன் என்னும் ஆங்கிலேயக் குரு கேரளத்துக்கு வந்தபோது, ஆயர் மார் திவன்னாசியோஸ் ஒரு பழைய சிரிய விவிலியத்தை அவருக்கு அளித்தார். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஏடு இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. பெஷித்தாவை ஆராய்வோர் அதைப் பயன்படுத்துகின்றனர். கோட்டயத்தில் 1985இல் தொடங்கப்பட்ட தூய எபிரேம் ஒன்றிப்பு ஆய்வு நிறுவனம் சிரிய மொழியையும் அதன் இலக்கியத்தையும் பல சபையினருக்கும் கற்பித்து வருகிறது. குமுளியிலிருந்து மலையிறங்கும் சாலை நேரே அவ்வூருக்குச் செல்கிறது. மேற்கே பாய்ந்த பெரியாற்றின் நீரை 1895இல் பென்னிகுவிக் கிழக்கே திருப்பினார். அதனால் நம் வயல்கள் விளைகின்றன. மலைக்கு அப்பாலுள்ள இந்த அறிவு ஊற்றையும் நம் பக்கம் திருப்பிக்கொள்ள நமக்குத் தடை ஏதும் இல்லை.

புதைக்கப்பட்டதும் கிடைத்ததும்

தால்முதில் ஒரு செய்தி உண்டு. யோபு நூலின் தர்கும் ஒன்று, கோவில் மலையில் நின்றிருந்த கமாலியேலிடம் கொண்டுவரப்பட்டது. புனித பவுலுக்குக் கற்பித்தவராகத் திருத்தூதர் பணிகள் நூல் காட்டும் கமாலியேலே இவர். அவர் கட்டடப் பணியாளனை அழைத்து, அதைச் சுவரின் கல்வரிசைக்கு அடியில் புதைக்கச் சொன்னாராம். எழுத்தில் வந்த மொழிபெயர்ப்பு மூலத்தின் இடத்தைப் பிடித்துவிடும் என்ற அச்சம் அன்று இருந்தது.

1956இல் சாக்கடல் அருகே கும்ரான் 11ஆம் குகையில் ஒரு சுருள் கிடைத்தது. யோபு நூலின் அரமேயப் பெயர்ப்பு அது! இயேசுவின் காலத்திலேயே தர்கும் எழுத்தில் இருந்ததற்கு அது கண்கூடான சான்று. அதே 1956இல் ஸ்பானியக் கத்தோலிக்கக் குரு அலெக்சாந்திரோ தியெஸ் மாக்கோ, வத்திக்கான் நூலகத்தில் ஒன்கெலோஸ் என்று பட்டியலிடப்பட்டிருந்த ஏடு உண்மையில் முழுமையான ஒரு பாலஸ்தீனத் தர்கும் என்று அறிவித்தார். நாம் மேலே கண்ட நெயோபித்தி இதுவே. அயர்லாந்தின் அருள்பணி மார்ட்டின் மக்னமாரா முன்னின்று நடத்திய ஆங்கிலப் பெயர்ப்பு வரிசை 1987 முதல் வெளிவந்து, நம்மைப் போன்றோரின் கைக்கும் இவற்றைக் கொண்டுவந்தது.

ஆயினும் இங்கே விழிப்பு தேவை. கைக்குக் கிடைக்கும் தர்கும்கள் பெரும்பாலும் கிறிஸ்துவுக்குப் பிற்பட்ட நூற்றாண்டுகளில் இறுதி வடிவம் பெற்றவை. பழைய மரபும் புதிய சேர்க்கையும் அவற்றில் கலந்துள்ளன. ஒரு வரியை எடுத்துக்கொண்டு, நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு இதைத்தான் கேட்டார் என்று துணிந்து சொல்லலாகாது. மேலும், தர்கும் எப்போதும் மூலத்தின் நேர்ப்பொருளைத் தருவதில்லை. இணைச்சட்டம் 26:5இல் அலைந்து திரிந்த அரமேயர் நம் மூதாதை என்று அறிக்கையிடும் வரி, ஒன்கெலோசில் லாபான் என்னும் அரமேயன் நம் தந்தையை அழிக்கத் தேடினான் என்று மாறிவிடுகிறது. எசாயா 52:13இல் வரும் ஊழியரைத் தர்கும் மெசியா என்றே அழைக்கிறது. அதைக் கண்டு மகிழும் கிறிஸ்தவர் அடுத்த அதிகாரத்தை வாசித்தால் திகைப்பார். ஏனெனில் துன்பங்களைத் தர்கும் பெரும்பாலும் மெசியாவிடமிருந்து நீக்கி, பிற இனத்தார்மீதும் மக்கள்மீதும் ஏற்றிவிடுகிறது. நம் கொள்கைக்குச் சான்று பொறுக்கும் களஞ்சியமாகத் தர்குமை நடத்துவது அதற்கும் நமக்கும் நீதி அன்று.

அப்படியாயின் அதன் பயன் என்ன? மூலம் எங்கே கரடுமுரடாக இருக்கிறது, எங்கே மௌனம் காக்கிறது, எங்கே இரண்டு பொருளுக்கு இடமளிக்கிறது என்பதைத் தர்கும் காட்டிக்கொடுக்கிறது. மொழிபெயர்ப்பவர் சொற்களைக் கூட்டும் இடமெல்லாம், மக்கள் கேள்வி கேட்ட இடம். வழவழப்பான தமிழில் நாம் நிற்காமல் ஓடிவிடும் வசனத்தில், அது நம் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

நான்கு இரவுகள்

புதிய ஏற்பாட்டுக்கும் அதனால் ஒளி கிடைக்கிறது. உரோமையர் 10ஆம் அதிகாரத்தில் பவுல், விண்ணகம் ஏறுவதையும் பாதாளத்துக்கு இறங்குவதையும் பற்றிப் பேசுகிறார். அவர் எடுத்தாளும் இணைச்சட்டம் 30இல் எபிரேயம் கூறுவதோ கடலைக் கடந்து செல்வதைப் பற்றி. இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது? நெயோபித்தித் தர்கும் அவ்விடத்தில், மோசேயைப் போல விண்ணுக்கு ஏறிச் சட்டத்தைக் கொணர்பவரையும், யோனாவைப் போலக் கடலின் ஆழத்துக்கு இறங்குபவரையும் குறிப்பிடுகிறது. கடலைக் கடத்தல் ஆழத்தில் இறங்குதலாக ஆன வழி அங்கே தெரிகிறது. இறந்து உயிர்த்த கிறிஸ்துவைப் பவுல் அச்சொற்களில் கண்டது தம் தனிக்கற்பனையால் அன்று. தம் மக்களின் வாசிப்பு மரபிலும் அவர் காலூன்றி நின்றார் என்று கருத இடமுண்டு.

மற்றொன்று, மாடு வளர்க்கும் நம் மக்களுக்கு உவப்பானது. பசுவையோ ஆட்டையோ அதன் குட்டியோடு ஒரே நாளில் வெட்டலாகாது என்று லேவியர் 22:28 விதிக்கிறது. பாலஸ்தீன மரபைச் சேர்ந்த ஒரு தர்கும் இதற்கு முகவுரையாக, விண்ணில் நம் தந்தை இரக்கமுள்ளவராய் இருப்பதுபோல் மண்ணில் நீங்களும் இரக்கமுள்ளவர்களாய் இருங்கள் என்ற கருத்தைச் சேர்க்கிறது. லூக்கா 6:36இல் ஆண்டவர் கற்பித்ததற்கு இது எத்துணை நெருக்கம்! கடவுளின் கட்டளையை வெறும் இரக்கமாகச் சுருக்குவது தகாது என்று யூத ஆசிரியர்களுள் சிலர் இப்பெயர்ப்பை மறுத்ததும் பதிவாகியுள்ளது. பசுவையும் கன்றையும் பற்றிய சட்டத்தில் தந்தையின் இரக்கத்தைக் கண்ட அந்தப் பெயரறியாத மொழிபெயர்ப்பாளரை நாம் நன்றியோடு நினைக்கின்றோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக நம் உள்ளத்தைத் தொட்டது விடுதலைப் பயணம் 12:42. எகிப்தைவிட்டு வெளியேறிய இரவை ஆண்டவருக்கான விழிப்பின் இரவு என்று எபிரேயம் கூறுகிறது. நெயோபித்தியில் அந்த ஓர் இரவு நான்காக விரிகிறது. முதலாவது, இருளில் உலகம் படைக்கப்பட்ட இரவு. இரண்டாவது, ஆபிரகாமுக்கு வாக்குறுதி உறுதியான, ஈசாக்கின் பலியோடு நினைக்கப்படும் இரவு. மூன்றாவது, எகிப்தில் பாஸ்கா இரவு. நான்காவது, உலகம் தன் முடிவை எட்டி மீட்பு நிறைவுறும் இரவு. நம் பாஸ்கா திருவிழிப்பின் வாசகங்களை நினைத்துப்பாருங்கள்: படைப்பு, ஆபிரகாமின் பலி, செங்கடல் கடத்தல். நாம் மெழுகுதிரி ஏந்தி நிற்கும் அதே இரவில், அதே வரிசையில், அவர்களும் விழித்திருந்தனர்.

இதில் நமக்கு ஒரு கடமை பிறக்கிறது. நம் ஊர்ப் பாஸ்கா நாடகங்களில் யூதர் என்றால் கூச்சலிடும் கூட்டமும் முறுக்கிய மீசையுமாகவே பெரும்பாலும் சித்திரிக்கப்படுகின்றனர். குழந்தைகள் அதையே மனத்தில் பதிக்கின்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், கிறிஸ்துவின் பாடுகளுக்கு அன்று வாழ்ந்த யூதர் அனைவரையுமோ இன்றைய யூதர்களையோ பொறுப்பாக்கலாகாது என்று தெளிவாகக் கற்பித்தது. திருத்தந்தையின் விவிலிய ஆணைக்குழு 1993இலும் 2001இலும் வெளியிட்ட ஏடுகள் யூத விளக்க மரபின் மதிப்பை எடுத்துரைத்தன. ஆவணங்கள் சொன்னதைத் தர்கும் நம் செவியில் சேர்க்கிறது. ஆபேலின் இரத்தத்துக்காக வருந்தியவர்கள், கன்றுக்காக இரங்கியவர்கள், விடியலுக்காக விழித்திருந்தவர்கள் இம்மக்கள். இவர்கள் செபிப்பதை ஒருமுறை கேட்டவர், நாடக மேடையின் கூச்சலை முன்போல் ஏற்க மாட்டார்.

பங்குகளில் விவிலியப் பணியாற்றுவோரிடம் நாம் வேண்டுவது சிறிதே. எல்லாரும் அரமேயம் கற்க வேண்டியதில்லை. ஆனால் அன்பியத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். வேறுபடும் இடத்தில் நின்று ஏன் என்று கேட்கலாம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பாட்டியிடம், வாசித்த பகுதியை அவர் மொழியில் திருப்பிச் சொல்லச் சொல்லலாம். எந்தச் சொல்லில் அவர் தயங்குகிறார், எதைச் சேர்க்கிறார் என்று கவனித்தால், தொழுகைக்கூடத்தில் நின்ற அந்த மொழிபெயர்ப்பாளரின் பாட்டை நாம் அறிவோம். யூத மரபு வாரந்தோறும் திருச்சட்டப் பகுதியை எபிரேயத்தில் இருமுறையும் தர்குமில் ஒருமுறையும் வாசிக்கச் சொல்கிறது. ஏமன் நாட்டு யூத மரபினரின் தொழுகைக்கூடங்களில் ஒன்கெலோஸ் இன்றும் உரக்கச் சொல்லப்படுகிறது. ஞாயிறு வாசகத்தை நாம் வீட்டில் ஒருமுறையேனும் முன்னதாக வாசித்து வருவது பெரும் சுமை ஆகாது.

வருகின்ற பாஸ்கா திருவிழிப்பில் விளக்குகள் அணைந்து முதல் வாசகம் தொடங்கும்போது, அவ்வாசகம் எத்தனை நாவுகளைக் கடந்து நம் தமிழுக்கு வந்துள்ளது என்று ஒரு கணம் எண்ணுவோம். அந்நாவுகளுக்குரியவர்கள் பெரும்பாலும் பெயரற்றவர்கள். வார்த்தையைவிடத் தங்கள் குரல் ஓங்காதபடி அருகில் நின்று சொன்னவர்கள். அவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்வோம்.